பக்கத்து வீடும் எதிர்க் கடையும்: ஜிசிஎன்னா, எச்2ஜிசிஎன்னா?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீட்டில் பேசுவது தமிழா மலையாளமா என்று ஊகிக்க, அக்கம்பக்கத்து நாலு வீட்டில் விசாரித்தாலே போதும். பெரும்பாலும் சரியாக இருக்கும். இனம் இனத்தோடு சேரும். அதே வழியைப் பொள்ளாச்சி தேங்காய் வியாபாரத்தில் வைத்துப் பாருங்கள், கவிழ்த்துவிடும். விற்பவரோடு தொடர்பில் இருப்பவர்கள் வாங்குபவர்கள்தானே!

ஆட்களையோ பொருள்களையோ கணுக்களாகவும் அவற்றின் தொடர்புகளை இணைப்புகளாகவும் வைத்து, ஒவ்வொரு கணுவும் எந்த வகை என்று கணினி மாடல் கற்பதுதான் கிராஃப் நியூரல் நெட்வொர்க். அதில், இனம் இனத்தோடு சேரும் இந்தத் தன்மைக்குப் பெயர் ஹோமோஃபிலி. மொத்த இணைப்புகளில் ஒரே வகைக் கணுக்களைச் சேர்ப்பவை எத்தனை பங்கு என்பதே அதன் அளவு.

கிப்ஃபும் வெல்லிங்கும் 2017-ல் ஐசிஎல்ஆர் மாநாட்டில் வெளியிட்ட ஜிசிஎன் என்ற மாடல், கணுவையும் அதன் அண்டைக் கணுக்களையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுக்கிறது. ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் ஆய்வுக் கட்டுரைகளின் தொகுப்பான கோரா தரவில் 2,708 கட்டுரைகள், 7 துறைகள், ஹோமோஃபிலி சுமார் 0.81. அந்த மாதிரி இடத்தில் நான் வேறு எதையும் தேடமாட்டேன்.

2020-ல் வந்த எச்2ஜிசிஎன் என்ற மாடல் அப்படிக் கலப்பதில்லை. கணுவின் தகவலைத் தனியாகவும் அண்டையினுடையதைத் தனியாகவும் வைத்துக்கொள்கிறது. அப்புறம், இரண்டு இணைப்பு தள்ளியிருப்பவர்களையும் தனியே பார்க்கிறது. சந்தைக்கு இது அருமையாகப் பொருந்தும்: என்னிடம் வாங்குபவர் வேறு யாரிடம் வாங்குகிறார் என்று பார்த்தால், அங்கே நிற்பவர் என்னைப் போன்ற இன்னொரு விற்பவர். இணையப் பக்கங்களின் தொகுப்பான டெக்சஸ் தரவில் ஹோமோஃபிலி 0.11தான், எச்2ஜிசிஎன்னை அறிமுகப்படுத்திய ஆய்வில் ஜிசிஎன்னின் சரியான ஊகங்கள் 60 சதவீதத்தை எட்டவில்லை, எச்2ஜிசிஎன் 80-ஐத் தாண்டியது. ஆனால் இணைப்புகளையே பார்க்காமல் கணுவின் சொந்தத் தகவலை மட்டும் வைத்து ஊகிக்கும் சாதாரண நியூரல் நெட்வொர்க்கான எம்எல்பியும் 80-ஐத் தாண்டியது. மொத்தமே 183 பக்கங்கள் கொண்ட தரவு வேறு. இதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஹோமோஃபிலி குறைவு என்றாலே ஜிசிஎன்னை ஒதுக்குவதும் சரியல்ல. ஒரு விற்பவரைச் சுற்றி 5 வாங்குபவர்கள் இருந்தால் அவருடைய சராசரியில் விற்பவர் பங்கு ஆறில் ஒன்று. 5 விற்பவர்கள் சூழ்ந்த வாங்குபவருக்கோ ஆறில் ஐந்து. தலைகீழானாலும் இரண்டும் தெளிவாகப் பிரிந்தே நிற்கின்றன, மாடல் கற்றுக்கொண்டுவிடும். ஒரே விற்பவரும் ஒரே வாங்குபவரும் தங்களுக்குள் மட்டும் தொடர்பு வைத்திருந்தால்தான் சிக்கல்: இருவருக்கும் சரிபாதி, சராசரி ஒன்றேதான். மீனாட்சிபுரம் வழியாகச் சரக்கு அனுப்பும் சிறு விவசாயிக்கு ஒரே ஒரு கடைக்காரர்தான் பழக்கம் என்றால், அவரை ஜிசிஎன்னிடம் விடமாட்டேன்.