கஞ்சிக்கோட்டில் வேலை: வாடகை வீடு பாலக்காட்டிலா, மதுக்கரையிலா?

கேரளத்தில் பாலக்காடு அருகே இருக்கும் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு வழி உண்டு. மாநில எல்லையான வாளையாறைத் தாண்டி, தமிழ்நாட்டில் மதுக்கரை, எட்டிமடைப் பக்கம் வீடு பார்க்கலாம். இல்லையென்றால் பாலக்காடு நகரத்திலேயே குடியேறலாம். நாங்கள் இரண்டு பக்கமும் தேடிவிட்டுப் பாலக்காட்டில் இருக்கிறோம்.

வாடகை, தண்ணீர், பஸ் எல்லாம் தெருவுக்குத் தெரு மாறும், நேரில் பார்த்தால் தெரிந்துவிடும். பிள்ளைகளின் தமிழ்ப் படிப்புக்கு மதுக்கரைதான் சுலபம், அதில் பேச்சே இல்லை. எங்களைத் தீர்மானிக்க வைத்தது ஒரே கேள்வி: வீட்டுக்காரர் “காலி பண்ணுங்க” என்று சொன்னால் நம் கையில் என்ன இருக்கிறது?

மதுக்கரைப் பக்கம் பொருந்தும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதைப் பதிவு செய்ய வேண்டும், முன்பணத்துக்கு 3 மாத வாடகை என்று ஓர் அளவு. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் எல்லாமே அந்தப் பதிவான ஒப்பந்தத்தை நம்பி நிற்கின்றன. மதுக்கரைப் பக்கம் நாங்கள் பார்த்த வீட்டின் உரிமையாளர் பதிவு என்றதும் முகம் மாறிவிட்டார். “பத்திரத்துல எழுதிக்கலாம், ஆபீசுக்கெல்லாம் எதுக்கு?” என்றார். அட்வான்ஸ் 5 மாதம் கேட்டார். அந்த ஒப்பந்தம் போடாமல் விட்டதையே காலி செய்ய வைக்கும் காரணமாகவும் சட்டம் வைத்திருக்கிறது. போட மறுப்பவர் வீட்டுக்காரர், வெளியேறுவது நாம் என்றால் அது நியாயமாகப் படவில்லை. முறையாகப் போட்டாலும், காலம் முடிந்து புதுப்பிக்கவில்லை என்றால் நம் பிடி தளர்ந்துவிடுகிறது.

பாலக்காட்டில் கதை வேறு. இங்கே 1965-ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வாடகைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒப்பந்தம் இங்கேயும் 11 மாதத்துக்குத்தான். ஓராண்டைத் தாண்டினால் பத்திரப் பதிவு கட்டாயம் என்பதால் எல்லோரும் அப்படியே எழுதுகிறார்கள். ஆனால் 11 மாதம் முடிந்தது என்பது மட்டும் காலி செய்யக் காரணம் ஆகாது. 11-ஆவது பிரிவு சொல்லும் காரணங்களில் ஒன்றை வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் வீட்டுக்காரர் காட்ட வேண்டும்: வாடகை பாக்கி, அனுமதியில்லாத உள்வாடகை, வீட்டைச் சேதப்படுத்தியது, இடித்துக் கட்டுவது, தனக்கே உண்மையாகத் தேவைப்படுவது, இப்படிச் சில. தனக்குத் தேவை என்றாலும், அதே ஊரில் அவருக்கு வேறு வீடு சும்மா இருந்தால் இதுதான் வேண்டும் என்பதற்குத் தனிக் காரணம் சொல்லியாக வேண்டும். பாக்கிக்காகக் காலி செய்ய உத்தரவே வந்தாலும், ஒரு மாதத்துக்குள் வட்டியும் செலவும் சேர்த்துக் கட்டினால் அதை ரத்து செய்ய வைக்கலாம். வேலை போன மாதத்தில் ஒரு குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய மூச்சு என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர், கரண்ட்டைத் துண்டித்து விரட்டுவதை இரண்டு மாநிலச் சட்டமுமே தடுக்கின்றன.

பாலக்காட்டில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. சட்டம் அரசு அறிவித்த பகுதிகளுக்குத்தான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் மாதிரி எல்லைப் பக்க ஊர்களில் பார்க்கிறவர்கள் முதலில் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஒப்பந்தம் பெரும்பாலும் மலையாளத்தில் வரும்; தெரிந்தவரை வைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். வாடகையைக் கையில் கொடுத்தால் ரசீது கேளுங்கள், அது உங்கள் உரிமை. நாங்கள் வங்கி வழியாகவே அனுப்புகிறோம்.

நான் நீதிமன்றம் வரை போனதில்லை. அங்கே எவ்வளவு அலைச்சல் என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். உரிமையாளர் பக்கமும் குறை இருக்கிறது: நகரக் கடைத்தெருவில் பல வருடமாக ஏறாத வாடகையில் கட்டடம் சிக்கிக்கொண்டவர்களுக்கு, நியாய வாடகையைச் சீக்கிரம் திருத்தித் தரும் வழி வேண்டும். அதைச் செய்யட்டும், ஆனால் காரணமில்லாமல் காலி செய்யக் கூடாது என்ற வரியில் கை வைக்காமல் செய்யட்டும்.

ஓரிரு வருடத்தில் மாற்றல் ஆகிவிடும் என்று தெரிந்தவர்களுக்கு மதுக்கரை போதும். ஆனால் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, பதிவு செய்து தருவாரா என்று கேட்டுவிடுங்கள். தயங்கினால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.