கொல்லையில் தீமூட்ட ஒரு கல் தளம்: கலவையா, கல்தூளா?

மார்கழிப் பனியில் கொல்லையில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார ஒரு வட்டத் தளம் வேண்டும், அதுவும் கோணல்மாணலான கற்களைப் பொருத்திப் பாவியதாக இருக்க வேண்டும் என்று விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கைபேசியில் படம் காட்டுகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் அந்தப் படங்களில் கல் தெரிகிறதே தவிர, கல்லுக்கு அடியில் இருப்பது தெரிவதில்லை. காவிரிப் படுகையில் தளத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த அடிப்பகுதிதான்.

இங்கே இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. ஒன்று, கான்கிரீட் போட்டு அதன்மேல் சிமெண்ட் கலவையில் கல்லைப் பதித்து, இடுக்குகளையும் கலவையால் பூசுவது. மற்றொன்று, ஜல்லியைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே கல்தூள் பரப்பி, கலவையே இல்லாமல் கல்லை உட்கார வைப்பது. எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் முதல் வழியைத்தான் சொல்வார். “கலவை இல்லாமல் கல் எப்படி ஐயா நிற்கும்?” என்பது அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. பதில் மண்ணைப் பொறுத்தது.

திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி எனக் கடைமடை நோக்கிப் போகப் போகக் களி கனத்துக்கொண்டே போகிறது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் வயலும், ஐப்பசி மழையில் உப்பி மூடிக்கொள்ளும் வயலும் ஒன்றுதான். வீட்டுக் கொல்லை மண்ணும் அதே மண். ஆண்டுக்கொரு முறை மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும் தரைமேல் நான்கு அங்குல கான்கிரீட்டைப் போட்டால், அது ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும், பிறகு விரிசல் விடும். கல் பெரும்பாலும் உடைவதில்லை. இடுக்குப் பூச்சுதான் முதலில் பிளக்கும். அதன் வழியே இறங்கிய மழைநீர் கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே தங்கிவிடும். அதற்குப் பிறகு கல்லை மிதித்தால் ‘டொக்’ என்று வெற்றோசை கேட்கும். பழுது பார்க்க வேண்டுமானால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைத்தால் பக்கத்துக் கல்லும் சேர்ந்து பெயரும்.

கல்தூளில் உட்கார்ந்த கல்லும் இதே மண்மேல்தான் இருக்கிறது, அதுவும் அசையும். ஆனால் தனித்தனியாக அசைந்துகொள்ளும். ஒரு கல் அரை அங்குலம் தாழ்ந்துவிட்டால் கடப்பாரை முனையால் நெம்பித் தூக்கி, இரண்டு கை கல்தூள் போட்டு மீண்டும் வைத்துவிடலாம். கொல்லையில் கழிவுநீர்க் குழாயோ ஆழ்குழாய்க் கிணற்றுக் குழாயோ ஓடாத வீடு அரிது. என்றாவது தோண்ட வேண்டி வந்தால் அன்றைக்குத்தான் இதன் அருமை புரியும்.

திருவையாறு பக்கத்து ஆற்றோரப் படுகை மண்ணில் நீர் சட்டென்று வடிந்துவிடும். வல்லம் பக்கத்துச் செம்மண் மேடும் அவ்வளவாக உப்பாது. அங்கெல்லாம் கான்கிரீட் தளம் ஒழுங்காக நிற்கும். கலவை வேண்டும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். களிமண் கொல்லைக்குக் கல்தூள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

கணக்கையும் பார்த்துவிடலாம். பன்னிரண்டு அடி விட்டமுள்ள வட்டம் என்றால் 113 சதுர அடி. நடுவில் மூன்றடி அகலத்துக்கு நெருப்பு வளையம், அதைச் சுற்றி நாற்காலி போட நான்கு நான்கரை அடி. இதற்குக் குறைந்தால் முழங்கால் வெந்துவிடும். கலவை வழியில் கான்கிரீட்டுக்கும் பதிப்புக்கும் சேர்த்து ஏறக்குறைய பத்து மூட்டை சிமெண்ட், பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு ஆற்றும் வேலை. கல்தூள் வழியில் ஆறு அங்குலம் இறுகிய ஜல்லிக்கு முக்கால் யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி), மேலே பரப்பவும் இடுக்கு நிரப்பவும் கால் யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கல்தூள். ஆற்று மணல் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த வேலைக்கு அது ஆகவும் ஆகாது. உருண்டையான மணல் நழுவும், கிரஷரில் வரும் முனையுள்ள தூள்தான் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். களிமண்ணும் ஜல்லியும் கலக்காமலிருக்க நடுவில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்பது நல்லது. செலவு மிச்சமாகும் என்று யாரும் துள்ள வேண்டாம்: கல்தூள் வழிக்குக் கல் கனமாக இருக்க வேண்டும், மிச்சமான பணம் அங்கே போய்விடும்.

கல் என்று வந்தால் டெல்டாவில் கல் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. நமக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பவை மூன்று. கிரானைட் பட்டறைகளின் கழிவுத் துண்டுகள் மலிவு, ஆனால் பெரும்பாலும் முக்கால் அங்குலத்துக்கும் குறைவான தடிமன். கல்தூளில் வைத்தால் மிதித்ததும் உடையும். அவற்றைக் கலவையில்தான் பதிக்க முடியும், அதுவும் வழுவழுப்பான முகத்தைக் கீழே திருப்பி. கடப்பா கல் அழகாகப் பிளந்து வரும், ஒன்றரை அங்குலத் தடிமனிலும் கேட்டுப் பெறலாம். அது சுண்ணாம்புப் பாறை. எலுமிச்சைச் சாறு பட்ட இடம் வெளுக்கும், சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் நிற்க முடியாது, நெருப்புக்கு அருகில் அடுக்கடுக்காக உரியும். புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரிகளின் பிளந்த கருங்கல் பலகை, இரண்டு அங்குலக் கனம், சொரசொரப்பான முகம்: இதுதான் என் தேர்வு. வட்டத்துக்கு ஒன்றேகால் டன் தேவைப்படும். பொருத்தும்போது கழிவதற்காகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இறக்கச் சொல்லுங்கள்.

பாவும் வேலையில் கலவைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கல்லின் அடிப்பக்கம் எப்படி இருந்தாலும் கலவை நிரப்பிக்கொள்ளும். கல்தூளில் அந்தச் சலுகை இல்லை. கல்லை வைத்து, நான்கு மூலையிலும் ஏறி நின்று பார்க்க வேண்டும். ஆடினால் தூக்கிப் பாருங்கள்: கல் அழுத்திய இடம் தூளில் இறுகிப் பளபளப்பாகத் தெரியும், தொடாத இடம் பொலபொலவென்று கிடக்கும். இறுகிய மேட்டைக் கரணையால் சுரண்டி, பொலபொலத்த பள்ளத்தில் தூளைத் தூவி மறுபடி வைக்க வேண்டும். ஒரு பெரிய கல்லுக்கு இப்படி மூன்று முறையாவது தூக்கி வைக்க நேரும். பொறுமையற்றவர் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

பொருத்துவதற்கு விதிகள் இரண்டு வழிக்கும் ஒன்றே. பெரிய கற்களை முதலில் ஓரத்தில் வையுங்கள், பொடிக்கல் ஓரத்துக்குப் போனால் கழன்றுவிடும். மூன்று கல் சந்திக்கலாம், நான்கு மூலை ஒரே இடத்தில் சேரக்கூடாது. இடுக்கு ஒரே கோடாக நீளக்கூடாது. கல்தூள் வழியில் ஓரடிக்குக் குறைந்த கல்லைத் தவிர்ப்பது நல்லது. ஓரத்தில் மட்டும் செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி அடியில் கொஞ்சம் கலவையால் பிடித்துவையுங்கள். இல்லாவிட்டால் வட்டம் மெல்ல மெல்ல விரிந்துபோகும். மழைநீர் வடிய வெளிப்பக்கமாக ஆறடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் போதும்.

கல்தூளின் குறை கோரைப் புல். அதன் கிழங்கு ஜல்லிக்கு அடியிலிருந்துகூட முளைத்து வரும். தோண்டும்போதே பொறுக்கி எறியாவிட்டால் ஆண்டு முழுவதும் பிடுங்க வேண்டியதுதான். எறும்பும் தூளை வெளியே கொட்டும். கலவைத் தளத்தில் இந்தத் தொல்லை, விரிசல் விடும்வரை, இல்லை.

நெருப்பு வளையத்துக்கு எந்த வழியிலும் தளத்துக்கு வாங்கிய கல்லைப் பயன்படுத்தாதீர்கள். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரி செல்சியஸில் திடீரென்று விரியும்; அதற்கு முன்பே ஈரம் குடித்த கல் ஆவி அழுத்தத்தில் தெறிக்கும். மழைக்காலம் முடிந்த கையோடு மார்கழியில் மூட்டப்போகும் நெருப்புக்கு இது வெறும் பயமுறுத்தல் அல்ல. நெல் அவிக்கும் அடுப்பைப் போலச் சூளைச் செங்கல்லைச் சேற்று மண்ணில் கட்டி, உள்ளே மண் பூசிவிடுங்கள்; சூடு படும் இடத்தில் சிமெண்ட் பொரிந்துபோகும், மண் தாங்கும். பள்ளம் தோண்டவும் வேண்டாம். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது அது தவளைக்குத்தான் பயன்படும். தரைக்கு மேல் ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுங்கள். வைக்கோல்போரோ கீற்றுக் கொட்டகையோ பக்கத்தில் இருக்கும் கொல்லையில் இந்த ஆசையையே விட்டுவிடுவது உத்தமம்; தென்னை மட்டை எரியும்போது பொறி எங்கெல்லாம் பறக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

வேலையைத் தொடங்க மாசி நல்ல மாதம். சித்திரையில் மண் சுருங்கி வெடித்துக் கிடக்கும்போது மட்டம் பார்த்தால் முதல் மழையிலேயே எல்லாம் மேலெழும்பும். ஐப்பசியில் தோண்டவே முடியாது. மாசியில் ஈரம் நடுத்தரமாக இருக்கும், சம்பா அறுவடை முடிந்து டிராக்டரும் ஆளும் கிடைக்கும்.