மாடிப்படியில் ஒரு 12 வாரப் பாடம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அறை ஒன்றுதான். அம்மா காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு திரும்பும்போது நான் இயர்போனோடு முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். "யாரிடமடி பேசுகிறாய்?" என்பார். பேசியது என்பிடெல் என்ற இணையவழிப் பாடச் சேவையின் சி கணினி மொழிப் பாடத்தோடு.

ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் இந்தச் சேவையில் பாடம் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். அசைன்மென்டுக்கு 25, மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். பன்னிரண்டு அசைன்மென்டில் சிறந்த எட்டைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துவிட்ட என்னைக் காப்பாற்றியது அந்த விதிதான். புரியாத இடத்தை நான்கு முறை திருப்பிப் பார்த்தாலும் யாரும் முறைப்பதில்லை.

எங்கள் கல்லூரி இதோடு வாரம் ஒரு வகுப்பைச் சேர்த்தது. அங்கே என்ன நடந்தது? நாங்கள் வீட்டில் பார்த்துவிட்டு வந்த அதே வீடியோவைப் புரொஜெக்டரில் மறுபடி ஓட்டினார்கள். அதற்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமா? ஒருநாள் புரொஜெக்டர் பழுதாகிவிட்டது. ஆசிரியர் வேறு வழியின்றிச் சாக்பீஸை எடுத்து, பெட்டி பெட்டியாக வரைந்து, சி மொழியில் நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயின்டரை விளக்கினார். ஆறு வாரமாக மண்டையில் ஏறாதது இருபது நிமிடத்தில் ஏறியது. அடுத்த வாரமே புரொஜெக்டரைச் சரிசெய்துவிட்டார்கள், பாவிகள்!

என்பிடெலுக்கு ஐந்துக்கு நான்கு. வகுப்புக்கு, அந்த ஒருநாளுக்காக, இரண்டு. மூன்றாம் வாரத்திலிருந்து சிக்னல் தேடி மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்ததை யார் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.