மேடையில் பேசும் பிரைவசியை நம்பி செட்டிங்ஸைத் திறக்காமல் விடாதீர்கள்

பிரைவசிதான் இனி எங்கள் பாதை என்று 2019 மார்ச்சில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் நீளமாக எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் போட்டது. அதன் குற்றச்சாட்டுகளில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. டூ ஃபேக்டர் லாகினுக்கு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் பாதுகாப்புக்கு என்று வாங்கிய போன் நம்பரை விளம்பரத்துக்கும் பயன்படுத்தினார்கள். அதிக எச்சரிக்கையோடு இருந்தவர்கள்தான் அதில் ஏமாந்தார்கள். இது மன்னிக்கக்கூடியதே அல்ல.

தன் பிரைவசி என்று வந்தால் அவர் இப்படி விடுவதில்லை. 2013-ல் பாலோ ஆல்டோவில் தன் வீட்டை ஒட்டிய நான்கு வீடுகளை வாங்கினார். 2016-ல் வெளியான படத்தில் அவர் லேப்டாப் கேமராவில் டேப் ஒட்டியிருந்தது.

ஆகவே டூ ஃபேக்டருக்கு நம்பர் தராமல் அந்தக் கோடை போனிலேயே உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் ஆப் வையுங்கள். போன் இல்லாதபோதும் உள்ளே போக உதவும் ரெக்கவரி கோடுகளை முதலில் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பிறகு நம்பரை நீக்குங்கள். வரிசை மாறினால், போன் தொலைந்த அன்று அக்கவுண்டும் போய்விடும்.

வாட்ஸ்அப் கதையும் இதுதான். 2014-ல் அதை வாங்கும்போது, ஒருவரின் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் அக்கவுண்டுகளைத் தானாகப் பொருத்துவது நம்பகமாக முடியாது என்று ஐரோப்பிய ஆணையத்திடம் ஃபேஸ்புக் சொன்னது. 2016-ல் பொருத்தியது. தவறான தகவல் தந்ததற்காக 2017-ல் 11 கோடி யூரோ அபராதம். வேறு யாரும் படிக்க முடியாதபடி சாட் என்கிரிப்ட் ஆகியிருந்தாலும் கிளவுட் பேக்கப்புக்கு அந்தப் பாதுகாப்பைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போனால் அந்தத் தேர்வு இருக்கும். பாஸ்வேர்டு, 64 இலக்கச் சாவி போன்ற ஒன்றை வைக்கச் சொல்லும். அதைத் தொலைத்தால் பேக்கப்பைத் திறக்க வழியில்லை. நீங்கள் மட்டும் செய்தால் போதாது. உங்கள் உரையாடல் எதிரில் இருப்பவரின் பேக்கப்பிலும் கிடக்கிறது, அவரையும் செய்யச் சொல்லுங்கள்.

கூகுளில் லொகேஷன் ஹிஸ்டரியை அணைத்தவர்களின் இருப்பிடம், வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி என்ற இன்னொரு செட்டிங் வழியாகத் தொடர்ந்து பதிவானது. 2018-ல் வெளியே வந்த இந்த விவகாரம், 2022-ல் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தருவதாக முடிந்தது. இரண்டையும் அணையுங்கள்; லொகேஷன் ஹிஸ்டரிக்கு இப்போது டைம்லைன் என்று பெயர். அணைத்தாலும் பழைய பதிவு தானாக அழியாது. தனியாக அழித்து, ஆட்டோ டெலீட்டை மூன்று மாதத்துக்கு வையுங்கள். பிரவுசரின் இன்காக்னிடோவும் போனில் தடம் விடாதே தவிர, நீங்கள் போகும் தளத்திடமிருந்து உங்களை மறைக்காது.

தன் விமானத்தைப் பின்தொடரும் அக்கவுண்டைக்கூடத் தடை செய்யமாட்டேன், அதுதான் பேச்சுரிமை மீதான என் உறுதி என்று 2022 நவம்பரில், இன்று எக்ஸ் எனப்படும் ட்விட்டரை வாங்கியிருந்த இலான் மஸ்க் அறிவித்தார். டிசம்பரில் அந்த அக்கவுண்ட் முடக்கப்பட்டது. தன் பாதுகாப்பு அவருக்கு உடனே புரிந்தது. ஆனால் 2024-ல், பயனர்களின் பதிவுகளை வைத்து எக்ஸின் ஏஐ சாட்பாட்டான க்ரோக்குக்குப் பயிற்சி தரும் அனுமதி அவர்களைக் கேட்காமலே ஆன் செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. எக்ஸ் தளத்தில் பிரைவசி அண்ட் சேஃப்டி பகுதிக்குள் க்ரோக் என்று தேடி டிக்கை எடுங்கள். உடனே செய்யுங்கள், ஏற்கெனவே பயிற்சிக்குள் போய்விட்டதை அந்த டிக் வெளியே எடுக்காது.