குட்டைக் குழல், எட்டத்து இலக்கு: 50 மீட்டரில் எது கைகொடுக்கும்?

இரண்டு அங்குலக் குழல் உள்ள ரிவால்வரோடு 50 மீட்டர் இலக்குக்கு முன்னால் போய் நின்றால் பக்கத்தில் நிற்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதையே ஆடாத தாங்கியில் பூட்டிச் சுட்டுப் பாருங்கள், நான்கு அங்குலக் குழலுக்குப் பெரிதாகச் சளைக்காது. கோளாறெல்லாம் நம் கண்ணிலும் விரலிலும்தான்.

முதலில் கண். குறிபார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முன்குறிக்கும் நம் பக்கம் இருக்கும் பின்குறிக்கும் நடுவே சின்னதில் சுமார் 100 மி.மீ., நான்கு அங்குலத்தில் 150 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருக்கும். முன்குறி 1 மி.மீ. விலகினால் 50 மீட்டரில் சின்னது 50 செ.மீ. தள்ளிப் போடும், பெரியது 33 செ.மீ. கண்ணுக்கு வேலை குறைய வேண்டுமென்றால் நான்கு அங்குலம்தான், அதில் வாதமே இல்லை. சின்னதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுபவர்கள் இலக்கு மங்கினாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டு முன்குறியை மட்டும் துல்லியமாகப் பார்க்க வேண்டும்.

விரல் விஷயம்தான் பெரிது. அலுமினியச் சட்டம் கொண்ட ஐந்து தோட்டா கொள்ளும் .38 (தோட்டாவின் அளவு) ரிவால்வர் காலியாக 425 கிராம் சுமார். டபுள் ஆக்‌ஷனில் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் ஒரே விரலிழுப்பில் பின்னுக்குப் போய் விழும் முறை) அதன் விசையை, அதாவது விரலால் இழுக்கும் கொக்கியை, இழுக்க 5 கிலோவுக்கும் மேல் அழுத்தம் வேண்டும், துப்பாக்கியின் எடையைப் போல பன்னிரண்டு மடங்கு. ஆடாமல் என்ன செய்யும்? சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துச் சிங்கிள் ஆக்‌ஷனில் சுட்டால் ஒன்றரை கிலோ அளவில் வேலை முடியும். நிதானமாக எட்டத்தில் சுட என் ஓட்டு இதற்குத்தான். சுத்தியல் உள்ளே மறைந்த மாடல்களில் இந்த வசதி கிடையாது, எட்டத்து ஆசை இருந்தால் வாங்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

டபுள் ஆக்‌ஷன் மட்டும்தான் என்றால் இரண்டு வழி. சிலிண்டர் (தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை) பூட்டிக்கொள்ளும் வரை இழுத்து, நின்று, குறியைச் சரிசெய்து மிச்சத்தை இழுப்பது ஒன்று. நிற்காமல் ஒரே சீராக இழுப்பது இன்னொன்று. முதலாவது புத்திசாலித்தனமாகத் தெரியும், ஆனால் குறி சரியாக அமைந்த கணத்தில் ‘இப்போ’ என்று விரல் வெடுக்கென இழுத்துவிடும், குண்டு கீழே போய்விடும், நானும் அதில் தோட்டாக்களை நிறையவே வீணாக்கியிருக்கிறேன். முன்குறி லேசாக ஆடட்டும் என்று விட்டு ஒரே ஓட்டமாக இழுப்பதே மேல். சிலிண்டர் காலி என்று இருமுறை பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் வெறுஞ்சுவரைப் பார்த்து இழுத்துப் பழகுங்கள். சுத்தியல் விழும் நொடியில் முன்குறி எந்தப் பக்கம் துள்ளுகிறதோ, அதுதான் உங்கள் நோய்.

பிடிக்குச் சுருக்கமாகவே சொல்லலாம்: சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும் குட்டி மரப்பிடியைவிட முழுக்கையும் நிறையும் ரப்பர் பிடி மேல். சட்டைப்பையில் அடங்காது, சரி.

தோட்டாவில் 148 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) வாட்கட்டர் எனும் தட்டை மூக்குக் குண்டு மெதுவாக உதைக்கும், காகிதத்தில் அழகாக வட்ட ஓட்டை போடும், 25 மீட்டர் வரை அதற்கே என் ஆதரவு. ஆனால் அந்தத் தட்டை மூக்கால் 50 மீட்டரைத் தாண்டினால் நிலை தடுமாறத் தொடங்கலாம். 158 கிரெய்ன் கொஞ்சம் உதைக்கும், எட்டத்தில் ஒழுங்காகப் போகும். திருகி மாற்ற முடியாத நிலையான குறிகளைப் பெரும்பாலும் இந்த எடைக்கு ஏற்பத்தான் அமைத்திருப்பார்கள்.

கடைசியாகக் குண்டு இறங்கும் கணக்கு. குட்டைக் குழலில் 158 கிரெய்ன் வினாடிக்கு 210 மீட்டர் சுமாரில் கிளம்புகிறது என்று வையுங்கள், 15 மீட்டரில் சரியாக விழுவது 50 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும். இலக்குக்கு மேலே வெற்றிடத்தில் குறிவைப்பது ஒரு முறை. அதில் கைநீட்டத்தில் இருக்கும் முன்குறியே இலக்கில் இருபது செ.மீ.க்கு மேல் மறைத்துவிடுவதால் எதைப் பார்த்துச் சுடுகிறோம் என்றே தெரியாது. அதைவிட முன்குறியைப் பின்குறிப் பள்ளத்துக்கு மேலே துளி உயர்த்தி, அதன் நெற்றியில் இலக்கை உட்காரவைப்பது எனக்கு ஒத்துவருகிறது. உயர்த்த வேண்டியது அரை மில்லிமீட்டர்கூட இல்லை.