நாமக்கல் பம்ப் ரூம்: புகை குறைந்தது, இழுவை போகவில்லை

லோடு ஏற்றி மேட்டில் ஏறினால் பின்னால் வருகிற பைக்காரர் திட்டாமல் போகமாட்டார், அப்படிக் கரும்புகை தள்ளிய பழைய லேலண்ட் ஆறு சக்கர வண்டி. அதன் டீசல் பம்பை நாமக்கல்லில் ஒரு பம்ப் ரூமில், அதாவது டீசல் பம்பும் நாசிலும் பார்க்கிற பட்டறையில், கொடுத்துச் சரிசெய்து வாங்கியிருக்கிறேன். சிலிண்டருக்கு ஒன்றாக டீசலைத் தள்ளுகிற ஆறு எலிமென்ட் (பேரலும் அதற்குள் ஓடும் பிளஞ்சரும் சேர்ந்த ஜோடி) வரிசையாக உள்ள போஷ் இன்லைன் பம்ப். மைக்கோ என்றிருந்த கம்பெனி 2008இலேயே பெயரை போஷ் என்று மாற்றிவிட்டது, ஆனால் பட்டறைப் பக்கம் இன்னும் மைக்கோ பம்ப்தான்.

இதற்கு முன்னால் ஒரு பட்டறையில், அளவை யாரும் மாற்றாமலிருக்க பம்பில் போட்ட சீலை வெட்டி, டீசல் அளவை நிறுத்துகிற ஸ்குரூவைத் திருகிக் குறைத்து அனுப்பினார்கள். புகை குறைந்தது உண்மை. கூடவே இழுவையும் போனது, டிரைவர் மேட்டுக்கு மேடு கியரைக் குறைத்து ஓட்ட, டீசல் முன்னைவிடக் கூடுதலாகத்தான் குடித்தது. புகைக்கு இதுதான் வைத்தியம் என்று நினைப்பவர்கள் நம் பக்கம் நிறைய.

இந்தக் கடையில் பெரியவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஏர் ஃபில்டர் எப்போது மாற்றியது, டேப்பெட் (வால்வு இடைவெளி) பார்த்தீர்களா, டர்போ ஹோஸில் கிழிசல் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம் "நாசில மொதல்ல கழட்டிக் குடுங்க, பம்ப அப்புறம் பாத்துக்கலாமுங்க" என்றார். பம்ப் தள்ளுகிற டீசலை சிலிண்டருக்குள் தெளிக்கிற முனைதான் நாசில். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. கரும்புகை என்றால் உள்ளே போகிற காற்றுக்கு டீசல் அதிகம், இல்லாவிட்டால் போன டீசல் சரியாகத் தூளாகவில்லை. காற்று அடைத்திருக்கும்போது பம்பைக் குறைத்து என்ன பயன்?

நாசிலை டெஸ்டரில் மாட்டி அடித்துக் காட்டினார்கள். பன்னீர் தெளித்த மாதிரி பூவாக அடித்து, நின்றதும் நுனி காய்ந்திருக்க வேண்டுமாம். எங்கள் வண்டியில் இரண்டு நாசில் சொட்டிக்கொண்டிருந்தன. அவற்றை மாற்றி, ஆறுக்கும் பிரஷர் ஒரே மாதிரி வைத்துவிட்டுத்தான் பம்பை பெஞ்சில், அதாவது பம்பைத் தனியாக ஓட்டி அளக்கிற மெஷினில், ஏற்றினார்கள்.

பெஞ்ச் வேலையைக் கூடவே நின்று பார்க்கவிட்டது பெரிய விஷயம். மோட்டார் பம்பைச் சுற்ற, முன்னால் ஆறு கண்ணாடிக் குழாய், குறிப்பிட்ட ஸ்ட்ரோக்குக்கு எத்தனை சிசி விழுகிறது என்று கண்ணாலேயே தெரிகிறது. எங்களுடையதில் இரண்டு குழாய் ஏறி நின்றது, ஒன்று நன்றாகக் குறைந்திருந்தது. வெளியே இருக்கிற ஸ்குரூவைத் திருகினால் ஆறும் சேர்ந்து குறையுமே தவிர இந்த ஏற்ற இறக்கம் சமமாகாது, புகைவது அந்த இரண்டு சிலிண்டர்தான். குறைந்ததன் எலிமென்ட் தேய்ந்திருந்ததால் மாற்றினார்கள். பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையில் இருப்பதே சில மைக்ரான் இடைவெளி, டீசலில் தண்ணீரோ மண்ணோ வந்தால் தாங்காது. மற்றவற்றை உள்ளே ஸ்லீவை நகர்த்திச் சமப்படுத்தி, பம்ப் தகட்டில் உள்ள நம்பரைப் பார்த்து கம்பெனி சொன்ன அளவுக்கு மேக்ஸிமம் டீசலும், வேகம் கூடினால் கவர்னர் டீசலைக் குறைக்கிற ஆர்.பி.எம்.மும் வைத்து, புது சீல் போட்டார்கள். வண்டியில் மாட்டிய பிறகு முதல் சிலிண்டரில் டீசல் அடிக்கிற டைமிங்கும் பார்த்தார்கள். இதைப் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள், டைமிங் பிந்தினாலும் புகைதான்.

இப்போது லோடோடு கியர் மாற்றும்போது ஒரு கொத்துப் புகை வரும், அவ்வளவுதான். பழைய எஞ்சினில் அதுவும் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புகைச் சோதனையில் இந்த மாதிரிப் பழைய வண்டிகளுக்கு வரம்பு 65 ஹெச்.எஸ்.யூ. (புகையின் கருமையை அளக்கிற அலகு), பிஎஸ் 4 மாசு விதிப்படி வந்த வண்டிக்கு 50. எங்களுடையது சிரமமில்லாமல் தேறிவிட்டது. செலவு நாசில், எலிமென்ட், கூலி எல்லாம் சேர்த்து ஒரு புது லாரி டயர் விலைக்குள் முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. எலிமென்ட் கையிருப்பில் இல்லை என்று காரணம் காட்டி, தருவதாகச் சொன்ன நாளைத் தாண்டி இழுத்தார்கள், வண்டி நின்றால் தவணை நிற்குமா? பெஞ்ச் அளவுகளைத் தாளில் எழுதித் தரும் பழக்கமும் இல்லை, நான்தான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தாள் எழுத என்ன கஷ்டம் என்று தெரியவில்லை. ஐந்துக்கு நாலு.

நீலப் புகை வருகிறவர்கள் இங்கே போய்ப் பணத்தைப் போடவேண்டாம், அது ஆயில் எரிகிறது, ரிங், வால்வு கைடு, டர்போ பார்க்கவேண்டிய கேஸ். கம்ப்யூட்டர் டீசலைக் கட்டுப்படுத்துகிற காமன் ரயில் வண்டிக்கும் இந்த பெஞ்ச் உதவாது. மற்றவர்கள் பம்பை மட்டும் கழற்றித் தூக்கிப் போகாமல் நாசிலையும் சேர்த்துக் கொண்டுபோங்கள், வாரத் தொடக்கத்திலேயே போங்கள், சனிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு பெஞ்ச் ஓடாது.