பல் சுத்தம்: ஸ்கேலிங்கா, ஏர் பாலிஷிங்கா?

பல் மருத்துவமனைப் பலகைகளில் இப்போது 'ஏர் ஃப்ளோ', 'ஏர் பாலிஷிங்' என்ற பெயர்கள் ஏறிவிட்டன. பழைய ஸ்கேலிங்கைவிட இது மேலா என்றால், முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பல்லில் இருப்பது காரையா, கறையா?

கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று திட்டாக ஒட்டியிருந்தால் பெரும்பாலும் காரைதான். நாக்குக்கு அடியில் உமிழ்நீர் சுரந்து விழும் இடம் அது. உமிழ்நீரில் உள்ள கால்சியம் பல்மேல் படிந்த கிருமிப் படலத்தில் இறங்கி அதைக் கல்லாக்கிவிடுகிறது. இதைப் பெயர்க்க ஸ்கேலிங்தான் வழி. விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும் உலோக முனை அதை உடைத்தெடுக்கும். ஏர் பாலிஷிங்கில் பவுடரை எவ்வளவு நேரம் பீய்ச்சி அடித்தாலும் கெட்டிப்பட்ட காரை போகாது.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். காரை அதை மூடி மறைத்திருக்கும். எடுத்ததும் சந்து தெரிகிறது, பழி ஸ்கேலிங் மேல் விழுகிறது.

டீ, வெற்றிலை, சிகரெட் கறைகளுக்கும், குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை வாரக்கணக்கில் கொப்பளித்தவர்களுக்கு வரும் பழுப்புக்கும் ஏர் பாலிஷிங் நல்லது. காற்றும் தண்ணீரும் நுண்பவுடரும் சேர்ந்து பீய்ச்சுவதால் பல் இடுக்கிலும், க்ளிப் போட்டவர்களின் கம்பியைச் சுற்றியும் புகுந்துவிடும். உலோகம் படாததால் கூச்சமும் குறைவு. ஆனால் தர்மபுரிப் பக்கம் ஃப்ளோரைடு தண்ணீரால் வரும் பழுப்பு பல்லுக்குள்ளேயே இருப்பது. அதற்கு இரண்டுமே உதவாது.

மெஷினைவிட முக்கியம் பவுடர்தான். பழைய வகை சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்ப சோடா. எனாமல் அதைத் தாங்கும். ஈறு இறங்கி வேர் தெரிகிற பல்லில் அடித்தால் வேர் தேயும். பல் நிற ஃபில்லிங்கும் சொரசொரப்பாகிவிடும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் இதைத் தவிர்ப்பது வழக்கம். அடுத்து வந்த கிளைசின் ஓர் அமினோ அமிலம், துகள் 25 மைக்ரான் அளவு. எரித்ரிட்டால், சர்க்கரையில்லா மிட்டாயில் போடும் இனிப்பு. துகள் 14 மைக்ரான் அளவுதான். இவை இரண்டும் மென்மையானவை, ஈறுக்கு அடியிலும் பயன்படுத்தலாம். இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் டைட்டானியத் திருகு பதித்துப் பல் வைத்தவர்களுக்கு நான் இவற்றைத்தான் சொல்வேன். ஸ்கேலிங்கின் உலோக முனை டைட்டானியத்தைக் கீறிவிடும்.

முன்பெல்லாம் ஸ்கேலிங் முடித்துக் கடைசியில் பாலிஷ் போடுவார்கள். சுவிட்சர்லாந்தின் இஎம்எஸ் நிறுவனம் பரப்பும் முறை இதற்கு நேர் எதிர்: படலத்துக்குச் சாயமேற்றி, பவுடர் அடித்து, மிச்சமிருக்கும் காரையில் மட்டும் ஸ்கேலர் வைப்பது. மெஷின் விற்பவர்களும் அவர்களே என்பது ஒருபுறம் இருக்கட்டும். உலோகம் படும் இடம் குறைவதால் வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது.

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் நாற்காலியில் உட்காருமுன் சொல்லிவிட வேண்டும். பவுடர் கலந்த சாரல் மூச்சில் போகும். கான்டாக்ட் லென்ஸையும் கழற்றிவிடுவது நல்லது.

போகும் இடத்தில் ஏர் பாலிஷிங் மெஷின் இல்லையென்றால் அதற்காக ஊர் தேடி அலைய வேண்டாம். க்ளிப், இம்ப்ளான்ட் எதுவும் இல்லாத சாதாரண வாய்க்கு ஸ்கேலிங்கும் ரப்பர் கப்பில் பேஸ்ட் வைத்துத் தேய்க்கும் பாலிஷுமே போதும்.